ஆணியில் குத்திய தாள்கள்

காலை 6 மணி. நைட் ஷிப்ட் முடிகிறது. ஓசூர் சிப்காட் சாலையில் மார்கழிப் பனி. கம்பெனி பஸ்ஸின் விளக்கு முதலில் வருகிறது. பஸ் பிறகு.

டீக்கடை. தமிழ், தெலுங்கு, கன்னடம். கண்ணாடி கிளாஸ் விரலைச் சுடுகிறது.

தூணில், நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. 19 நாள் அதற்கு முதுகு காட்டி டீ குடித்தாயிற்று. இன்று கை நீள்கிறது.

கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மீதிச் சில்லறை தருகிறார்.

முழுதாக ஒரு சிகரெட். நாக்கில் கசப்பு. விரலில் வாசம்.

ரூம். தினசரி காலண்டர். கிழித்த தாள்கள் பக்கத்து ஆணியில். பத்தொன்பது.

எல்லாம் போச்சு என்கிறது ஒரு குரல். போனதுதான் போச்சு, இன்னொன்று பிடித்தால் என்ன என்கிறது அதே குரல்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் கேட்டுக் குறித்தது இதைத்தான். சறுக்கலைவிட, சறுக்கியபின் மனம் பேசும் பேச்சு ஆளைத் தள்ளிவிடுகிறது.

கடைசி இழுப்பிலிருந்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குமாம். மணிக்கட்டில் விரல் வைக்கிறேன். துடிக்கிறது. இது எத்தனையாவது நாள் என்று அதற்குத் தெரியாது.

மேசையில் பழைய காலி சிகரெட் பெட்டி. அதில் 1800 11 2356. விட நினைப்பவர்களுக்கான எண். வாசிக்கிறேன். மறுபடி வாசிக்கிறேன்.

ஞாயிறு. கெலவரப்பள்ளி அணை. மதகுக்குக் கீழே வெள்ளை நுரை. பெங்களூர்க் கழிவின் நுரை. தூரத்தில் பூ. பக்கத்தில் நாற்றம். அதற்கு அடியில் தென்பெண்ணை, கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறது.

இரவு 2 மணி. மெஷின் ஓடுகிறது. தொண்டையில் ஆசை ஏறுகிறது. அலை என்று மார்லட் சொன்னது இதை. தாடை இறுகுகிறது. எச்சில் ஊறுகிறது. எண்ணவில்லை. பார்க்கிறேன்.

கொஞ்சம் இறங்குகிறது. கொஞ்சம் இருக்கிறது.

சறுக்கிய நாளின் தாள் இன்னும் ஆணிக்குப் போகவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. நான்காக மடித்து.

காலை. பனி. டீ.

லைட்டர் லேசாக ஆடுகிறது. யாரோ இப்போதுதான் விட்டிருக்க வேண்டும். காற்றாகவும் இருக்கலாம்.