முன்னறிவும் பொறுப்பும்

வரவிருக்கும் தீங்கை அறிந்தவனும் அறியாதவனும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவரோ? இவ்வினாவை மீனினம் இன்று நம்முன் வைக்கின்றது.

பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் வெப்பமே உடலின் வெப்பம். நீர் சூடேறுந்தோறும் உடல் வேண்டும் பிராணவாயு மிகுகிறது. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவோ குறைகிறது. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் தாங்கும். 20 டிகிரியில் 9.1 மட்டுமே. தேவை ஏறி வரவு இறங்கினால், மீனின் இதயம் ஓர் எல்லைக்குமேல் ஈடுகொடுக்க இயலாது. வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், பனி குறைந்து வெயில் மிகுந்த 2015-ஆம் ஆண்டுக் கோடையில், முட்டையிட எதிர்நீச்சலிட்டுச் சென்ற சால்மன் மீன்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் மாண்டன.

மீனைத் தொட்டியில் நீந்தவிட்டு இவ்வெல்லையை அளக்கலாம். அளந்தபின், நீர் இன்னும் எவ்வளவு சூடேறினால் எவ்வினம் தாங்காது என முன்னுரைக்கலாம். காரணத்தைக் கொண்டு காரியத்தை உய்த்துணரும் இதனை ஆரூடம் என ஒதுக்குதல் முறையாகுமா? கணித்த ஆண்டும் எண்ணிக்கையும் சற்றே பிழைக்கக்கூடும். அதற்காகக் காரணம் பொய்த்துவிடாது.

ஆரூடத்தை நம்பாதவன்மேல் குற்றமில்லை. ஆனால், நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகை உலகைச் சூடேற்றுவதை அறிந்தும் அதைப் பெருக்குபவன், ‘நான் அறியேன்’ என்று இனிச் சொல்லித் தப்ப முடியுமா? தன் நீரை மாற்றிக்கொள்ள ஆற்று மீனுக்கு வழியில்லை. நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள நமக்கு வழியுண்டு அன்றோ!