பாய்க்கு விலை பேசும்போது

மனத்துக்குப் பிடித்த கலையையே தொழிலாகக் கொண்டு ஒருவர் ஜீவனம் செய்யலாமா, அப்படிச் செய்தால் கலை கெட்டுப் போகாதா என்று படித்தவர்கள் அடிக்கடி விவாதிக்கிறார்கள். காசு வாடை பட்டால் கலை போய்விடும் என்பது ஒரு கட்சி. சோறு போடாத கலை எதற்கு என்பது மறு கட்சி. இந்த வழக்கில் கலைஞரும் பேசுகிறார், ரசிகரும் பேசுகிறார். நடுவில் நின்று வாங்கி விற்கிற நம்மைப் போன்ற வியாபாரிகளை ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆனால் கைவேலைக்காரர் அந்த வேலையைக் கொண்டே பிழைப்பாரா மாட்டாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நம்முடைய கல்லாப்பெட்டிதான். ஆகையால் கூப்பிடாவிட்டாலும் நாம் போய் உட்கார வேண்டிய சபை அது.

நமக்குத் தெரிந்த ஒரு தொழிலை வைத்தே யோசிப்போம். மலேசியாவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பல குடும்பங்களுக்குக் கடையநல்லூர், தென்காசிப் பக்கம்தான் பூர்வீகம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி போகிற வழியில் இருக்கிறது பத்தமடை. இந்த மலாயாவில் பத்து வருஷம் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போன சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் அது. ஆனால் ஊரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது பாய். மணமக்கள் பெயரை நெய்து கல்யாணச் சீரோடு வைக்கிற பத்தமடைப் பாய். நெய்கிறவர்கள் பெரும்பாலும் நம் லெப்பை வீட்டுப் பெண்மக்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2012-13-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது வேறு ஊரில் நெய்த பாயை அந்தப் பெயரால் விற்கச் சட்டம் இடம் தராது.

பாயில் எத்தனை வேலை இருக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் அறிவதில்லை. தாமிரபரணிக் கரையில் வளர்கிற கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைக்க வேண்டும். பட்டுப்பாய் என்கிறோமே, அதற்குக் கோரையை நூல் போலக் கிழிக்க வேண்டும். எந்த யந்திரமும் வேண்டாம். விரலும் கண்ணும் போதும். அந்த விரலும் கண்ணும் அமையத்தான் வருஷக் கணக்காகிறது. பிறகு சாயம் தோய்த்து, தரைத்தறியில் பாவு நூலுக்குள் ஒவ்வொரு கோரையாகக் கோத்துத் தட்ட வேண்டும். நயமான பாய் 100 முதல் 140 கவுண்டு வரை போகும். முடிந்த பாயைத் துணி போல மடித்து வைக்கலாம். அப்படி ஒன்று முடிய வாரங்கள் ஆகும். மிக நயமானது மாதக் கணக்கில் இழுக்கும்.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். இது நானாகப் போடுகிற உதாரணக் கணக்கு; சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பட்டுப்பாய்க்கு நாற்பது நாள் பிடிக்கிறது. வியாபாரி 8,000 ரூபாய் கொடுக்கிறார். பெரிய தொகையாகத் தோன்றுகிறது. நாற்பதால் வகுத்தால் நாளுக்கு 200 ரூபாய். கோரைக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவைக் கழித்தால் இன்னும் குறையும். அதே பெண் முரட்டுப் பாயாக இரண்டு நாளைக்கு ஒன்று முடித்து 600 ரூபாய்க்குப் போட்டால் நாளுக்கு 300. அவள் எதை நெய்வாள்? முரட்டுப் பாயைத்தான். நாலு பிள்ளைகளின் தாய்க்கு வேறு வழியில்லை. இப்படித்தான் நயமான வேலை ஒரு வீட்டில் நிற்கிறது, பிறகு ஒரு தெருவில் நிற்கிறது. காசு வந்ததனால் கலை கெட்டது என்று மேலே சொன்ன கட்சிக்காரர் சொல்வார். எனக்குத் தோன்றுவது, நாளுக்குத் தக்க காசு வராததனால் கெட்டது என்பதே. நாம் பாய்க்கு விலை பேசினோம். நாளுக்கு விலை பேசவில்லை.

இங்கே திரிங்காப்பில் நாம் காய்கறிக்கு நடுவே பிழைக்கிறோம். முட்டைக்கோஸுக்கும் கீரைக்கும் பேரம் பேசுவதில் தவறில்லை. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. நாளை அழுகும் சரக்கு. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பாய் அழுகாது. பத்து வருஷம் வைத்தாலும் பாய்தான். அப்படியிருக்க நெய்தவள் ஏன் அன்றைக்கே கேட்ட விலைக்குத் தள்ளுகிறாள்? அவசரம் பாய்க்கு இல்லை, அடுப்புக்கு. கோரை வாங்க, நூல் வாங்க யாரிடமோ கைநீட்டியிருக்கிறாள். கோஸ் வியாபாரத்தின் பேர முறையைப் பாய்க்குக் கொண்டுபோகிறவர், சரக்கின் தன்மையைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே நிற்பவளின் பசியைப் பார்த்துப் பேசுகிறார்.

நம் மார்க்கம் இதற்கு வழி வைக்காமல் இல்லை. தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கைவேலையால் உண்டார்கள் என்பதை மதரஸாவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கைத்தொழிலின் சிறப்புக்கு அதை எடுத்துச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வியாபாரிகளுக்கென்றே சொன்ன இன்னொரு விஷயம் இருக்கிறது. சரக்கோடு வருகிற கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். காரணம் தெளிவானது. வாங்குபவருக்குச் சந்தை விலை தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பத்தமடையில் தறியில் இருப்பவளுக்குத் தன் பாய் கோலாலம்பூரில் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியுமா? வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டு போகிறவர், ஊருக்கு வெளியே ஒட்டகத்தை நிறுத்தியவரைவிட எந்த வகையில் உயர்ந்தவர்?

முன்பணம் கொடுத்து உதவுகிறோமே என்பார்கள். முன்பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. மதீனாவாசிகள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தவணையில் பேரீச்சம் பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அனுமதித்தார்கள். ஆனால் அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். இதுதான் ஸலம். ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபிலும் ஸலத்தில் முழு விலையையும் பேசின இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும். முன்கூட்டிக் கொடுப்பதால் விலையில் கொஞ்சம் குறைவதும் ஆகும். அந்த இலாபம் ஹலால். நம் ஆட்கள் செய்வது பல இடங்களில் வேறு. கால்வாசிப் பணத்தைக் கொடுத்து, விலையைப் பிறகு பார்க்கலாம் என்று தொங்கவிட்டு, வேறு ஆளுக்கு விற்கக் கூடாது என்று மட்டும் கட்டிப் போடுவது. இதற்கு உதவி என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்.

வியாபாரியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நானும் கடை வைத்திருப்பவன். வாடகை, கப்பல் கூலி, கடையில் தூசி படிந்து கிடக்கிற காலம், வாங்கிப் போனவர் திருப்பிக் கொண்டுவருவது, எல்லாம் நம் தலையில். நூறு ரிங்கிட்டுக்கு வாங்கியதை இருநூறுக்கு விற்றால் கொள்ளை என்று சொல்பவருக்குக் கடை நடத்தத் தெரியாது. வாடிக்கையாளரும் சளைத்தவர் இல்லை. ஞெகிழிப் பாய் பக்கத்திலேயே மலிவாகத் தொங்குகிறது. அதைக் காட்டிப் பட்டுப்பாயின் விலையைக் கேட்கிறார். நானும் ஞெகிழிப் பாய் விற்கிறேன். மழையும் ஈரமும் விடாத இந்த மலையில் அது வேண்டியதுதான். ஆனால் இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டி விற்றுவிட்டு, ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று குறைப்படுவது சரியாகாது. இது நாற்பது நாள் வேலை, இன்ன ஊரில் நெய்தது என்று சொல்ல வேண்டிய வாய் நம்முடையது. எத்தனை நாள் என்று நெய்தவளிடம் கேட்டால்தானே வாங்குகிறவரிடம் சொல்ல முடியும்? வாங்கும்போதே அதைக் கேட்கிற வியாபாரிகள் எத்தனை பேர்?

தாப்பா ரோட்டில் இறங்கும்போது வழியோரம் அஸ்லி ஜனங்கள் பெத்தாய், காட்டுத்தேன், மூங்கில் சாமான்கள் வைத்து விற்பதைப் பார்க்கிறோம். பெத்தாய்க்கு விலை குறைத்துக் கேட்கிற அதே குரலில் மூங்கில் கூடைக்கும் கேட்கிறோம். பெத்தாய் மரத்தில் காய்த்தது. கூடை காய்க்கவில்லை.

அடுத்த முறை ஊரில் கல்யாணம் என்று போகிறவர்கள் பத்தமடைக்கு நேரே போய் ஒரு வீட்டில் பாய் சொல்லிப் பார்க்கலாம். நீளம், அகலம், கவுண்டு, நெய்ய வேண்டிய பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கலாம். விலையை முதலில் அவள் வாயால் சொல்லட்டும். கடைகளில் இது என்ன விலைக்குப் போகிறது என்பதை நாம் மறைக்காமல் சொல்லலாம். முழுப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டுத் தவணை கேட்கலாம். மூன்று மாதம் ஆகும் என்றால் மூன்று மாதம்தான். கல்யாணத்துக்கு முதல் வாரம் போய் நின்றால் கிடைப்பது முரட்டுப் பாய்.