பாதியில் மூடிய பேச்சு

ஒரு போனை மூடும் சத்தத்தை வைத்து, மூடியவருக்குக் கோபமா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? பல வருஷமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்து முடித்து, இப்போது அலுத்தும் போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். பெரியப்பாவுக்கு மன்னார்குடியில் உரக்கடை. 2007-ல் ஒரு சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டின் பின்கட்டு விஷயம். யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கூடத்தில் அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் நேர்ல வா, பேசிக்கலாம்" என்றார் பெரியப்பா. அடுத்த கணம் 'டப்'. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை.

அந்த போன் சித்தப்பாவே ஊருக்கு வந்தபோது அண்ணனுக்கென்று வாங்கி வந்தது. மோட்டோரோலா ரேஸர். 2004-ல் அது வெளிவந்தபோது அப்படியொரு ஒல்லியான மடக்கு போனை யாரும் பார்த்ததில்லை. மூடியிருக்கும்போது கனம் 13.9 மில்லிமீட்டர், எடை 95 கிராம். மற்றவர்கள் சட்டைப்பை தொங்கத் தொங்கப் போன் வைத்திருந்த காலத்தில், இது பையில் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பு அலுமினியம். பித்தான்கள் தனித்தனியாக இல்லாமல், ஒரே உலோகத் தகட்டில் கோடு இழுத்த மாதிரி இருக்கும். இருட்டில் அந்தக் கோடுகள் வழியே நீல வெளிச்சம் கசியும். உலகம் முழுக்க அந்த வரிசையில் 13 கோடி போன்கள் விற்றன என்று சொல்வார்கள். அதில் ஒன்று மன்னார்குடி உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் உரம் கேட்பதற்கு முன்னால், "அதைக் கொஞ்சம் தொறந்து காட்டுங்கண்ணே" என்பார்கள். பெரியப்பாவும் காட்டுவார். திறப்பது அவருக்கு எளிதாக இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவே இடுக்கே இருக்காது. தடித்த கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் வழுக்கும். ஒரு மாதத்தில் நகத்தால் நெம்பித் திறக்கப் பழகிக்கொண்டார். வெளியே இருந்த சின்ன ஜன்னலில் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். கடன்காரர் பெயர் வந்தால் திறக்காமலே மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். திறந்தாலே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படி நான்தான் மாற்றிக் கொடுத்தேன். பித்தான் அமுக்கும் வேலை இல்லை: திறந்தால் 'ஹலோ', மூடினால் முடிந்தது. அந்தச் சௌகரியம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரவில் சார்ஜ் போட மறந்தால் மறுநாள் மத்தியானமே அணைந்துவிடும், அது ஒன்றுதான் அவர் வைத்த குறை.

சத்தத்துக்கு வருகிறேன். பெரியப்பா போனை மூடும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். காதிலிருந்து எடுத்து, நெஞ்சில் வைத்து அமுக்குவார். தோளில் கிடக்கும் துண்டின் மேல் அது 'தொப்' என்று அமுங்கிய சத்தத்தோடு மூடும். அன்றைக்கு வந்தது 'தொப்' இல்லை, 'டப்'. அத்தையின் கட்சிக்கு இதுதான் பெரிய சாட்சி. கோபத்தில் கையாலேயே அறைந்து மூடினார் என்பது அத்தையின் தீர்மானம். ஆனால் அப்போதுதான் பெரியப்பா குளித்துவிட்டு வந்திருந்தார். தோளில் துண்டு இல்லை. வெறும் பனியனில் வைத்து அமுக்கினால் என்ன சத்தம் வரும்? இன்னொரு கையில் மூக்குக் கண்ணாடி இருந்ததாக எனக்கு நினைவு. இல்லை, கண்ணாடி மேஜையில் இருந்தது என்கிறார் அத்தை.

பிற்பாடு சென்னை ரிச்சி தெருவில் அதே மாதிரி பழைய போன் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "இதை வச்சு என்ன சார் பண்ணப்போறீங்க?" என்றார். மூடிப் பார்க்கத்தான் என்று சொல்ல முடியுமா? சிரித்து மழுப்பினேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. கீலுக்குள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. அதற்கு முன்னால் வளைந்த தடம் ஒன்றும் இருக்கிறது. மூடியை மடக்கும்போது பாதி தூரம் வரை வில் நம்மை எதிர்க்கும். அந்தப் பாதியைத் தாண்டிவிட்டால் கட்சி மாறி, தானே இழுத்து மூடிக்கொள்ளும். அதனால் மெதுவாக மூடுவது என்ற ஒன்று கிடையாது. எவ்வளவு சாந்தமாகத் தள்ளினாலும் கடைசிப் பாதி வில்லின் வேலை. வீட்டில் உட்கார்ந்து கோபமாகவும் மூடிப் பார்த்தேன், அன்பாகவும் மூடிப் பார்த்தேன். வித்தியாசம் இருந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். மனைவியைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, அவள் போனுக்குக் கூப்பிட்டு, பேச்சின் நடுவே மூடினேன். "சத்தம் கேட்டுச்சா?" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை, லைன் போய்விட்டது, அவ்வளவுதான் என்றாள். மூடிக்குள் சின்னக் காந்தம் இருக்கிறது. அது கிட்டே வந்ததும் கீழ்ப்பாதி அதை உணர்ந்து பேச்சை வெட்டிவிடும். அப்படியென்றால் அந்த 'டப்' கூடத்தில் இருந்த எங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். யாருக்குக் கோபம் போய்ச் சேர வேண்டுமோ, அவர் காதில் அது விழவே இல்லை.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கே ஒரு போன், தலைமையாசிரியர் வீட்டில். கறுப்பாக, கனமாக, பூவேலை செய்த துணி போர்த்தி இருக்கும். டிரங்க் கால் வந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். அந்தப் போனில் ரிசீவரை அறைந்து வைத்தால் மறுமுனையில் 'டொக்' என்று கேட்கும். கோபத்துக்கு நேர்மையான கருவி அது. பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, தலைக்கு மேலே ஓடும் சிவப்பு எண்கள். பேச்சு ஏன் திடீரென்று முடிந்தது என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. காசு முடிந்தது, பேச்சும் முடிந்தது. காதலித்தவர்கள்கூட மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் காதலித்தார்கள். செல்போன் வந்த புதிதில், வந்த அழைப்பை எடுத்தாலே நமக்குக் காசு போகும். 2003-க்குப் பிறகுதான் கூப்பிட்டவர் மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆனது. அதற்கப்புறம்தான் நடுவில் அறுந்த பேச்சுக்கு வேறு காரணங்கள் தேட ஆரம்பித்தோம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எப்போதோ படித்த ஒரு விஷயம் இதோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. கையில் எடுத்துச் செல்லும் போனில் முதன்முதலாகப் பேசியவர் மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர். 1973 ஏப்ரல் 3, நியூயார்க்கின் ஆறாவது அவென்யூ. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள போனைத் தூக்கிக்கொண்டு அவர் கூப்பிட்டது மனைவியையோ அம்மாவையோ அல்ல. போட்டி நிறுவனமான பெல் லேப்ஸில் அதே வேலையில் இருந்த ஜோயல் எங்கலை. நாங்கள் முந்திவிட்டோம் என்று காட்டத்தான். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, அவர் பல்லைக் கடித்திருப்பார் என்று கூப்பர் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார். எங்கலைக் கேட்டால், அப்படியொரு அழைப்பு வந்ததே நினைவில்லை என்றாராம்.

செல்போனின் முதல் பேச்சிலேயே இந்தக் கதை தொடங்கிவிட்டது என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி. ஒருவர் மௌனத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கிறார். மற்றவருக்கு ஞாபகமே இல்லை. மறதி உண்மையா, அதுவும் ஒரு பல் கடிப்புதானா என்பதை யார் போய்க் கண்டார்கள்?

சித்தப்பா இப்போது சிங்கப்பூரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். போன வருஷம் அவரிடமே கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "கார்டு தீந்துபோச்சுன்னு நெனைச்சேன்டா" என்றார். அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் பேசுவது ப்ரீபெய்டு காலிங் கார்டில்தான். கார்டு தீர்ந்தால் சொல்லாமல் அறுந்துவிடும். மறுநாள் புதுக் கார்டு வாங்கிப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அதற்குள் அத்தையோடு பேசியிருக்கிறார். "அண்ணன் மொகத்துல அடிச்சாப்புல போனை மூடிபுட்டாரு, நீ இனிமே கூப்டாதே, அவரா கூப்புடட்டும்" என்றாராம் அத்தை. சரி, அவரே கூப்பிடட்டும் என்று இவர் இருந்துவிட்டார். தம்பி திரும்பக் கூப்பிடவில்லையே என்று பெரியப்பா எத்தனை நாள் இருந்தார் என்று தெரியாது. அவரிடமிருந்து சிங்கப்பூருக்கு ஐ.எஸ்.டி. போனதே கிடையாது. எப்போதும் தம்பிதான் கூப்பிடுவார்.

இதைக் கேட்டுவிட்டு அத்தையின் மேல் பழியைப் போட்டுவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததைச் சொன்னார். நான் ஒரு போனை வாங்கி மூடிப் பார்த்துச் சேர்த்த ஞானத்தைவிட, அறுபது வருஷம் அண்ணனோடு பிறந்து வளர்ந்த ஞானம் பெரிதாக இருக்கலாம். பெரியப்பாவின் கோபம் சத்தம் போடாது. பேச்சை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு எழுந்து போவதுதான் அவர் கோபம். "நேர்ல வா, பேசிக்கலாம்" என்பது அந்த மாதிரி வாக்கியமா, நிஜமாகவே தம்பியை ஊருக்கு அழைத்ததா? கீலைப் பிரித்துப் பார்க்கலாம், இதை எப்படிப் பிரிப்பது?

2013-ல் ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்து, பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்கட்டைப் பற்றிக்கூடப் பேசி முடித்தார்கள். போன் விஷயத்தை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பெரியப்பா காலமானார். கேட்க வேண்டிய ஆள் இல்லை.

இப்போது மடக்கு போன் மறுபடி வந்திருக்கிறது. 2020-ல் அதே ரேஸர் பெயரில், திரையே மடங்கும்படி, ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு இந்தியாவில் விற்றார்கள். அத்தை பேத்தி வேறு கம்பெனிப் போன் ஒன்று வைத்திருக்கிறாள். அதன் கீல் எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிறது, தானாக மூடிக்கொள்வதில்லை. மூடினால் முழுக்க நாமே மூடியதாகத்தான் கணக்கு. அவளுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. நீலக் குறி வந்து இரண்டு மணி நேரமாகிறது, பதில் இல்லை என்றால் அவளுக்குக் கோபம் கேட்டுவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பேச்சு பாதியில் அறுந்தால், யார் கூப்பிட்டது என்று பார்க்காமல் உடனே திரும்பக் கூப்பிட்டுவிட வேண்டும். அது உருப்படியாக நடக்கிறதா என்றால், இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் பிஸி என்றே வருகிறது.