சோதிப்பது அவமதிப்பா?

சேலத்தில் பிசியோதெரபி பட்டம் பெற்ற ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனால், பட்டத்தைக் காட்டியதும் வேலையைத் தொடங்கிவிட முடியாது. ஆஸ்திரேலிய பிசியோதெரபி கவுன்சில் நடத்தும் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். பிறகு இதயம் - நுரையீரல், எலும்பு - தசை, நரம்பு ஆகிய மூன்று துறைகளிலும் செய்முறைத் தேர்வு. பிரிட்டனில், பதிவு பெறாதவர் 'பிசியோதெரபிஸ்ட்' என்று பெயர்ப்பலகையே வைக்க முடியாது.

ஆண்டுக்கணக்கில் படித்து, நோயாளிகளைப் பார்த்துப் பழகியவரை மறுபடியும் தேர்வெழுதச் சொல்வது அவரை அவமதிப்பதாகாதா? பலர் மனம் நொந்து கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தேர்வு யாருக்காக நடக்கிறது என்று பார்த்தால் விடை மாறிவிடும்.

முதுகுவலியோடு வரும் நாமக்கல் லாரி ஓட்டுநருக்குச் சிறுநீர் கழிப்பதிலும் சிக்கல், தொடையிடுக்கில் மரத்த உணர்வு என்றால், தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருக்கக்கூடும். அவரை உடனே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலில் ரத்தக்கட்டி இருப்பதை அறியாமல் அழுத்தித் தேய்த்தால், அது நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். பக்கவாதத்தில் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெடும்.

சிகிச்சை தருபவருக்கு இவையெல்லாம் தெரியுமா என்று அந்த ஓட்டுநரால் சோதித்துப் பார்க்க முடியாது. வலியில் இருப்பவர் தன் உடலை நம்பி ஒப்படைக்கிறார். வேறு வழி அவருக்கு இல்லை. அவரால் முடியாத சோதனையை அவர் சார்பில் சமூகம் செய்வதுதான் அறம்.

உள்ளூர்த் தேர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காசநோய் அரிதான நாட்டில் பயின்றவர், முதுகெலும்பைத் தாக்கும் காசநோயை ஒருமுறைகூடப் பார்த்திராமல் இருக்கலாம். இங்கே தீராத முதுகுவலிக்கு அதுவும் ஒரு காரணம். மூட்டு அறுவைக்குப் பின் தரையில் உட்காரலாமா, தறிக்குழியில் இறங்கலாமா என்று இளம்பிள்ளை நெசவாளர் கேட்டால், அதற்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் இதில் இருபக்கக் கடமையை வைக்கிறது. ஆராயாமல் நம்புவது தீராத் துன்பம் தரும். ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் சந்தேகிப்பதும் அதே துன்பத்தைத் தரும். முதல் பாதியைச் சொல்லிக் கதவை அடைப்பவர்கள் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். தேர்வில் தேறிய பிறகும் ஒருவருடைய நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து எடைபோடுவது அநீதி.

அயல்நாட்டுத் தேர்வைக் குறை சொல்லும் முன் சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். பிசியோதெரபிக்கென நாடு முழுவதற்குமான ஒழுங்குமுறை அமைப்பு இந்தியாவில் நெடுங்காலம் இருக்கவில்லை. 2021-ல் வந்த தேசியச் சட்டம்தான் ஆணையம், மாநில கவுன்சில்கள், பதிவேடு ஆகியவற்றுக்கு வழிவகுத்தது. அதே 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மேற்பார்வையிட மூத்த மருத்துவர் அருகில் இல்லாத வீட்டில், சிகிச்சை தருபவரின் தகுதி ஒன்றே நோயாளிக்குப் பாதுகாப்பு.

எனவே வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே தொழில் செய்ய வருபவரிடமும், இங்கேயே படித்தவரிடமும் ஒரே தரத்தை ஆணையம் கேட்க வேண்டும். அதில் தேறியவரை, எங்கே படித்தார் என்று மறுபடி துருவாமல், மருத்துவமனைகள் முழு நம்பிக்கையோடு ஏற்க வேண்டும்.