பயந்தவன் எதற்காகத் திரும்பிப் போகிறான்?

டொரண்டோவில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் அம்மாவின் செத்தவீட்டை ஃபோனில் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கடைசி மகன். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர். வைத்தது பெரியப்பா மகன். அங்கே பட்டப்பகல். இவர் ஸ்கார்பரோவில், விடியாத இருட்டில், சோஃபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்தபோது நான் அவரிடம் சொல்லியிருந்தேன்: “போயிட்டு வந்துடுங்கண்ணே. உங்ககிட்டதான் பிஆர் இருக்கே.”

“போகலாம் தம்பி. திரும்பி வாறதுதான் கேள்வி.”

நான் சென்னையிலிருந்து வேலை விசாவில் போனவன். ஊருக்குப் போவதென்றால் எனக்கு லீவும் டிக்கெட் விலையும்தான் பிரச்சினை. அவர் தேவையில்லாமல் பயப்படுகிறார் என்றே நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் நான் எவ்வளவு ஆபத்தான யோசனையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

1951 அகதிகள் உடன்படிக்கை யார் அகதி என்று சொல்வதோடு, ஒருவர் எப்போது அகதி இல்லாமல் போகிறார் என்றும் சொல்கிறது. தன் நாட்டின் பாதுகாப்பைத் தானே விரும்பி மறுபடி ஏற்றுக்கொண்டால் அந்த நிலை முடிந்துவிடும். சொந்த நாட்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அதைக் காட்டி அந்த நாட்டுக்குள் போனால், அப்படி ஏற்றுக்கொண்டதாகத்தான் முதலில் அனுமானிப்பார்கள். இல்லை என்று காட்டுவது அகதியின் பொறுப்பு. கனடாவில் 2012ல் சட்டம் இன்னும் இறுகியது. இந்தக் காரணத்தால் அகதி நிலை பறிபோனால் கூடவே பிஆரும் போகும், நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். குடியுரிமை வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாட்டிக்கொள்வது நடுவில் நிற்பவர்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் பயண விவரம் கேட்பார்கள். ஒளிக்காமல் எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியலே பலருக்கு எதிரான ஆதாரமாகியிருக்கிறது. நண்பரின் விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பழக்கமானது. பயம் என்பது ஒரு பூலியன். இருக்கிறது, அல்லது இல்லை. போனால் இல்லை. அப்படியானால் ஆரம்பத்தில் சொன்னதும் பொய்யாக இருக்கலாமோ என்ற சந்தேகம் தானாகப் பின்னால் வரும்.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. அரசுதான் என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று சொன்னவர், அதே அரசு கொடுத்த பாஸ்போர்ட்டை அதே அரசின் அதிகாரியிடம் கட்டுநாயக்காவில் நீட்டுகிறார் என்றால், கேள்வி எழத்தான் செய்யும். வருடா வருடம் விடுமுறைக்குப் போய் வருகிறவரால், அடுத்து அடைக்கலம் கேட்டு வரப்போகும் யாரோ ஒருவரின் வார்த்தைக்கு மதிப்புக் குறைகிறது. அடைக்கலம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்கிற ஏற்பாடு. அதைக் காக்க ஒரு விதி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘போனான்’ என்ற ஒற்றை உண்மையிலிருந்து ‘பயமில்லை’ என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறோம்? கொலம்பியாவிலிருந்து வந்து கனடாவில் அகதி நிலை பெற்ற ஒரு பெண், நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன் நாட்டுக்குப் போய்வந்தார். போன இடத்தில் தனியார் பாதுகாவலர்களை அமர்த்திக்கொண்டார். அவர் அகதி நிலையை இழந்துவிட்டார் என்று முதலில் தீர்ப்பானது. 2022ல் கனடாவின் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதற்காகப் போனார், பயம் அரசிடமா வேறு யாரிடமா, என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார், இப்படிப் போனால் அகதி நிலை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. ஐநா அகதிகள் ஆணையத்தின் கையேடும் நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் போவதையும் அடிக்கடி விடுமுறைக்குப் போவதையும் ஒன்றாக எடைபோடக் கூடாது என்றே சொல்கிறது.

பாதுகாவலர் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போகிறவருக்குப் பயம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. அதனால்தான் பாதுகாவலர். அதையும் மீறிப் போகிறார், ஏனென்றால் அங்கே படுத்திருப்பது அப்பா. எரிகிற வீட்டுக்குள் பிள்ளைக்காக ஓடும் தாயைப் பார்த்து, இவளுக்கு நெருப்பென்றால் பயமில்லை என்று யாரும் சொல்வதில்லை.

விதி வேண்டும் என்று ஒத்துக்கொண்டவன்தான் நான். ஆனால் அந்த விதி ‘போனாயா?’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘எதற்காக, எப்படிப் போனாய்?’ என்று கேட்கிற பொறுமை அதற்கு வேண்டும். இல்லாவிட்டால் நாம் அகதியிடம் கேட்பது விசித்திரமான நிரூபணம்: உன் பயம் உண்மை என்று காட்ட, மகனாக இருப்பதை நிறுத்து. நண்பர் அந்த நிரூபணத்தைக் கொடுத்துவிட்டார். சோஃபாவில் உட்கார்ந்தபடி.

அடுத்த வருடம் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அம்மாவின் திவசத்துக்குக் கீரிமலைக்குப் போய் வந்தார். இப்போது சட்டத்துக்கு அவரிடம் கேட்க எதுவுமில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கனடா பாஸ்போர்ட்தான் தம்பி குடுத்தனான். ஆனா கவுண்டரில நிக்கேக்க கை நடுங்கிச்சுது.”