சாவுபயமும் பெருங்குடலும்

1909 மே மாதக் கடைசியில் ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகோவ், எழுத்தாளர் டால்ஸ்டாயைப் பார்க்க அவருடைய ஊரான யாஸ்னயா பொல்யானாவுக்குப் போனார். டால்ஸ்டாய்க்கு எண்பது வயது. மெச்னிகோவுக்கு அறுபத்து நான்கு. சாகப்போகிறோம் என்று தெரிந்த மனிதன் எப்படி வாழ்வது என்ற கேள்வி இருவரையும் பல ஆண்டுகளாகப் பிடித்து ஆட்டியிருந்தது. டால்ஸ்டாய் அதற்கான விடையைக் கடவுளிடமும் அன்பிடமும் தேடினார். மெச்னிகோவ் பெருங்குடலில் தேடினார்.

மெச்னிகோவ் அந்த விடைக்கு விளையாட்டாக வந்து சேரவில்லை. 1873-ல் முதல் மனைவி காசநோயில் இறந்தபோது அபினை அளவுக்கு மீறி விழுங்கி உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவர். இரண்டாம் மனைவி டைபாய்டில் படுத்ததற்குப் பிறகு, 1881-ல் வேறொரு காய்ச்சலின் கிருமி உள்ள இரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். இரண்டு முறையும் பிழைத்தார். அடுத்த ஆண்டே மெசினா கடற்கரையில், கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் நம் உடலில் உண்டு என்ற கண்டுபிடிப்புக்கான வழி அவருக்குத் திறந்தது. 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

1903-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபடி மனித இயல்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புத்தர் முதல் ஷோப்பன்ஹவர் வரை மரணத்துக்கு ஆறுதல் சொன்னவர்களை வரிசையாக எடுத்துப் பார்த்துவிட்டு, மறுமையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு வேறு ஒரு கோணத்தில் கேட்டார்: மனிதன் சாவுக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறான்? வாழ்ந்து முடிப்பதற்குள் சாவு வந்துவிடுவதால்தான் என்பது அவருடைய பதில். நாம் காணும் முதுமை இயற்கையானதல்ல, நோயால் சீக்கிரமே வந்துவிட்ட முதுமை. உண்மையான முதுமையை எட்டியவனுக்குச் சாவு தூக்கத்தைப் போல இயல்பாக வேண்டியிருக்கும் என்றார்.

இதற்குச் சான்றாக அவர் காட்டிய ஒரு மூதாட்டி மறக்க முடியாதவர். பிரெஞ்சு உணவு எழுத்தாளர் பிரிய்யா சவரேனின் பாட்டி முறை உறவினர், வயது 93. மரணப்படுக்கையில், பேரன் முறையான சவரேன் கொடுத்த பழைய திராட்சை மதுவைக் குடித்துவிட்டு, என் வயதுக்கு வந்தால் உனக்கும் தெரியும், தூக்கம் தேவைப்படுவது போலவே சாவும் தேவைப்படும் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனாராம். இப்படிச் சாகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதே மெச்னிகோவின் கவலை.

பெருங்குடலில் வாழும் அழுகல் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு உடலை முன்கூட்டியே முதுமையாக்குகிறது என்று அவர் கருதினார். பல்கேரியக் கிராமத்தார் நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் உண்ணும் புளித்த பாலில் உள்ள கிருமி அந்த அழுகலை அடக்கும் என்று முடிவு செய்தார். தாமும் நாள்தோறும் அதைக் குடித்தார். 1904-ல் முதுமை குறித்து அவர் பாரிஸில் பேசிய பிறகு ஐரோப்பாவில் தயிருக்குத் திடீர் மவுசு வந்தது. இன்னொரு பக்கம் லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். சிலர் அதில் இறந்தும் போனார்கள். ஓர் உறுப்பைப் பகையாக்கிய சிந்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி தேவையில்லை.

மெச்னிகோவ் 1916 ஜூலையில் 71 வயதில் இதய நோயால் இறந்தார். இறக்கும் தறுவாயில் நண்பரான மருத்துவரிடம், என் உடலை அறுத்துப் பார்க்கும்போது குடலைக் கவனமாகப் பார் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் நம்பிய பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைத்துக் குடியிருப்பதில்லை என்று பின்னால் தெரிந்தது. வேண்டாத உறுப்பு என்று அவர் ஒதுக்கிய பெருங்குடலில்தான் பெரிய வேலையே நடக்கிறது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய உணவு, அழற்சியை அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. உடலில் மனித உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றால் நுண்ணுயிர்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் கணக்கிட்டார்கள். ‘நான்’ என்று எதைச் சொல்கிறோம் என்ற பழைய தத்துவக் கேள்வி இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. தனியொரு உயிராக யாரும் மூப்படைவதில்லை.

அயர்லாந்தின் கார்க் பகுதியில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, முதுமைக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க மிக முக்கியமானது என்று சொல்ல வேண்டும். சொந்த வீட்டில் இருந்தவர்கள் காய், பழம், நார்ச்சத்து எனப் பலவகை உண்டார்கள். அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களிலும் பலவகை இருந்தன. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் தட்டில் கொழுப்பு கூடுதல், நார்ச்சத்து குறைவு, வகையும் குறைவு. அவர்களின் குடலிலும் வகை சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கமும் உடல் தளர்ச்சியும் சேர்ந்தே காணப்பட்டன. எது காரணம், எது விளைவு என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. நோயாளிதானே இல்லத்துக்குப் போகிறார் என்ற வாதமும் நியாயமானதே. ஆனால் இடம் மாறியதும் முதலில் உணவு மாறுகிறது, பிறகு மெல்ல நுண்ணுயிர் மாறுகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது.

மெச்னிகோவின் எண்ணம் சரியானது: நல்ல முதுமை வாய்த்தவரைச் சாவு அவ்வளவு பயமுறுத்தாது. அவர் தவறியது, அதைத் தனி மனிதன் ஒரு கிண்ணம் புளித்த பாலால் வாங்கிவிடலாம் என்று எண்ணியதில்தான். பல் போனவருக்குக் காயை மசித்துத் தர ஒரு கை வேண்டும், கீரை ஆய ஒருவருக்குப் பொறுமை வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும். பெற்றோரை இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது கட்டண ரசீதோடு அந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எத்தனை வகைக் காயும் பருப்பும் பழமும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.