கண்ணாடிக்குள் ஒரு கடல்: இல்லறத்தார்க்கு அது தகுமா?

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் சில, பெரியோரையும் மீண்டும் நூல்களைப் புரட்ட வைத்துவிடுகின்றன. அண்மையில் அத்தகைய கேள்வி ஒன்று நம் இல்லத்திலேயே எழுந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் நம் பெயரன், "தாத்தா, கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசை. அதில் பாவம் உண்டா?" என்று கேட்டான்.

அவன் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவன். எறும்பு ஊரும் வழியில் அடிவைக்கத் தயங்குபவன். மீன்களின்பால் அவனுக்குள்ளது அன்பேயன்றிக் கொடுமையன்று. ஆதலின், "கூடாது" என்னும் ஒரு சொல்லால் அவனை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. காரணம் கூறாமல் தடுத்தால், ஜினதருமம் என்பது தடைகளின் பட்டியல் என்று இளையோர் எண்ணிவிடுவர். அன்பு என்று மட்டும் கருதி இசைந்துவிட்டால், அணுவிரதம் பெயரளவாய் நிற்கும். பத்து நாள் தவணை கேட்டோம். அந்நாட்களில் ஆராய்ந்து அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

தொட்டியின் இயல்பு

நன்னீரில் வண்ணமீன் வளர்ப்பதைப் போன்றதன்று கடல்நீர்த் தொட்டி. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ உப்புக் கலவை வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி நிற்பதால், நாள்தோறும் குறைந்த அளவுக்கு நன்னீர் வார்த்துச் சமன் செய்ய வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டி நிலைத்திருத்தல் நலம். மின்சாரம் சில மணிநேரம் நின்றாலும் நீரோட்டம் நின்று, உயிர்வளி குறைந்து, மீன்கள் திணறும்.

இவற்றினும் முதன்மையானது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றது. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்கு முன் மீனை விடுவது நஞ்சில் விடுவதற்கு ஒப்பாகும். முற்காலத்தில் டாம்செல் போன்ற வலிய மீன்கள் சிலவற்றை முதலில் விட்டு, அவை இறப்பினும் இறக்கட்டும் என்று தொட்டியைப் பழக்குவது வழக்கமாக இருந்தது. இன்று மீனே இன்றி, அம்மோனியாவைத் துளித்துளியாக இட்டுப் பழக்கும் முறை பரவியுள்ளது. ஆயினும் பொறுமையற்றோர் பழைய வழியைக் கைவிட்டார் அல்லர். தொடக்கநிலையாளரின் முதல் தொட்டி, பல மீன்களின் கடைசி இருப்பிடமாவது இதனால்தான்.

அந்த மீன்கள் வரும் வழியையும் நோக்க வேண்டும். கடைகளில் விற்கும் கடல்மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1960-களில் பிலிப்பைன்ஸ் கடலில் தொடங்கிய ஒரு முறை, சயனைடு நஞ்சைப் பவளப்பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பிடிப்பதாகும். மீன்களிற் பல பின்னர் இறக்கின்றன, பவளமும் மடிகின்றது. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அங்குப் பவளம் எடுத்தல் அறத்தோடு சட்டத்தையும் மீறுவதாகும்.

அணுவிரதம் காட்டும் வழி

இல்லறத்தார்க்கு முழுமையான கொல்லாமை இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் நன்குணர்ந்தவர்கள். எனவே ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பம். சமைத்தல், வீடு கூட்டல் போன்றவற்றில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். முதலாவதை முற்றிலும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றமட்டும் குறைக்க வேண்டும். மீன்தொட்டி இவற்றுள் எதில் அடங்கும்? மீனைக் கொல்லும் எண்ணம் அங்கில்லை. ஆயினும் அது சமையலும் அன்று, பிழைப்பும் அன்று, தற்காப்பும் அன்று. பயனின்றி உயிர்க்குத் துன்பம் விளைக்கும் அனர்த்ததண்டம் என்னும் இனத்தையே அது நெருங்கி நிற்கின்றது.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். கொலைக்குத் தனி இடம் இருக்க, "கட்டுதல்" முதற்கண் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. ஓர் உயிரைக் கொல்லாமலும் அதன் வாழ்வைப் பறிக்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அப்படியாயின் பசுவையும் காளையையும் கட்டுகின்றோமே என்னலாம். உரையாசிரியர்கள் இதற்கும் விடை வைத்துள்ளனர். தேவையை ஒட்டிய கட்டு வேறு. தேவையற்ற கட்டு வேறு. தேவைக்குக் கட்டினும், தீ முதலிய இடர் நேர்ந்தால் விலங்கு அவிழ்த்துக்கொண்டு பிழைக்குமாறு முடிச்சு தளர்ந்திருக்க வேண்டும் என்பர். இந்த அளவுகோலைக் கண்ணாடித் தொட்டிக்குப் பொருத்திப் பார்த்தோம். மின்தடை நேர்ந்த இரவில் மீன் எங்கே செல்லும்? அந்தக் கட்டிற்குத் தளர்ந்த முடிச்சே இல்லை.

இதனை எழுதும்போது நம் இளமை நினைவு ஒன்று உறுத்துகின்றது. நாமும் ஒரு கிளியைக் கூண்டில் வைத்திருந்தோம். நாள்தோறும் பழம் ஊட்டினோம். அன்பு என்றே எண்ணினோம். ஒரு கோடையில் அது கூண்டிலேயே இறந்தது. பெயரனிடம் குற்றம் காணும் தகுதியோடு நாம் பேசவில்லை. அதே பிழையைச் செய்தவராகவே பேசுகின்றோம்.

உணவைப் பற்றியும் கூற வேண்டும். கடல்மீன்களிற் பல ஊனுண்பவை. அவற்றிற்கு ஆர்டீமியா என்னும் சிற்றிறால்களையோ, மீன்தூள் கலந்த உருண்டைகளையோ இடவேண்டும். மாண்டரின் என்னும் அழகிய மீன் நுண்ணிய உயிர் இரையையே நாடுவது. அஃது இல்லாத தொட்டிகளில் மெல்ல மெல்லப் பட்டினியால் மாய்கின்றது. இரையிட்டால் பிற உயிர்க்கொலை. இடாவிட்டால் உணவு தடுத்தல் என்னும் ஐந்தாம் அதிசாரம். உயிர்ப்பாறை என்று விற்கப்படுவதிலும் புழுக்கள், சிறு சங்குகள் முதலிய ஈரறிவு உயிர்கள் நிறைந்துள்ளன.

எழக்கூடிய மறுப்புகள்

"கடலில் பெருமீன் சிறுமீனை விழுங்குகின்றது, தொட்டியில் அச்சமில்லையே" என்பர் சிலர். கடலில் நிகழ்வதற்கு நாம் கருத்தா அல்லோம். தொட்டியில் நிகழ்வதற்கு நாமே கருத்தா. வினை ஒட்டுவது செய்தவனையே.

"பண்ணையில் பிறந்த மீன் கடலையே அறியாதே" என்பது வலிமையான வாதம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. இதனால் பவளப்பாறைகள் காக்கப்படும் என்பதை மறுக்க மாட்டோம். கடலில் பிடித்த மீனைவிட இது குறைந்த தீமையே. ஆயினும் குறைந்த தீமை, நன்மையாகிவிடாது. கோமாளி மீன் இருபதாண்டுக்கு மேலும் வாழவல்லது. பதினைந்து வயதில் வாங்குபவன், மேற்படிப்பிற்கு வெளியூர் செல்லும்போது அதனை யாரிடம் ஒப்படைப்பான்?

"அன்பினால் செய்வது எங்ஙனம் தீதாகும்?" என்பது மூன்றாவது. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் 1854-இல் மீன்தொட்டி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பக்தி மிகுந்தவர், கடலுயிர்களை நேசித்தவர். அவருடைய எழுத்துகளால் ஊக்கமுற்ற மக்கள் வலையும் பாத்திரமுமாகக் கரைகளில் குவிந்தனர். பாறைக்குழிகளில் காலங்காலமாகச் செழித்திருந்த உயிர்கள் வாரி எடுக்கப்பட்டு அழிந்தன. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய நூலில் இதனை வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். நேசமும் உடைமையாக்கும் ஆசையும் கலந்தால் விளைவது இதுவே. அதனால்தான் உயிருள்ள உடைமையையும் நம் நூல்கள் பரிக்கிரகத்தில் சேர்த்தன.

முன்பே வைத்திருப்போர்க்கு

நம் சமூகத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இத்தொட்டிகள் ஏற்கெனவே இருக்கக்கூடும். இக்கட்டுரையைப் படித்து, இரக்கத்தால் மீன்களைக் கடலில் விட்டுவிட வேண்டாம் என்று வேண்டுகின்றோம். சிங்கமீன் இந்து, பசிபிக் மாக்கடல்களுக்கு உரியது. அது 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கரையை ஒட்டிக் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து வெளியேறியவையே அங்குப் பெருகின என்று ஆய்வாளர் கருதுகின்றனர்; இன்று அவை அக்கடலின் இயல்பு மீன்களை அழித்து வருகின்றன. ஆராயாத ஜீவகாருண்யம் ஆயிரம் உயிர்க்கு இடராகலாம்.

வேறு வழி உண்டு. முதுமையுற்ற கால்நடைகளைப் பாஞ்சராப்போல் அமைத்துக் காப்பது நம் சமயத்தாரின் மரபு. அதுபோல் அந்தத் தொட்டியை ஒரு காப்பகமாகக் கொள்க. இருக்கும் மீன்களை அவற்றின் ஆயுள்வரை குறைவின்றிப் பேணுக. புதிதாக ஒன்றும் வாங்கற்க. கடைசி மீனின் வாழ்வு முடிந்தபின் தொட்டி வெறுமையாகட்டும்.

பத்து நாள் கழித்து இவற்றைப் பெயரனிடம் கூறினோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "கடையில் ஏற்கெனவே இருக்கும் மீனை நான் வாங்காவிட்டாலும் வேறொருவர் வாங்குவாரே?" என்றான். "வாங்கியவுடன் அந்த இடம் காலியாகும், அதை நிரப்ப இன்னொரு மீன் பிடிக்கப்படும். செய்தல் மட்டுமன்று, செய்வித்தலும் உடன்படுதலும் வினையே" என்றோம்.

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் அமைப்பொன்று முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருவதையும் சொன்னோம். எதையும் தனதாக்காமல் கடலை நேசிக்கும் வழி அது. வரும் தை மாதம் உடன் வருவதாக இசைந்திருக்கின்றான். தொட்டி ஆசையை அவன் முற்றிலும் விட்டானா என்று நாம் கேட்கவில்லை. பிறர் வற்புறுத்தி ஏற்கும் விரதம் நிலைப்பதில்லை. தானே ஆராய்ந்து தெளிந்து ஏற்பதே விரதமாகும். அந்தத் தெளிவு அவனுக்கும், நம் இளையோர் அனைவர்க்கும் உண்டாகுக.